குடை டெஸ்ட்

உங்கள் அறை விசிறி டக் டக்கென்று அடிக்கிறதே, அதன் புஷ் தேய்ந்துவிட்டது. ஆளை வரச் சொன்னால் மோட்டாரே போச்சு, புதுசு வாங்குங்கள் என்பான். நம்பாதீர்கள். கழற்றின பழைய சாமானை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிற ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். பழசைப் பையில் போட்டுக்கொண்டு நழுவுகிறவன் ரிப்பேர்காரனே இல்லை.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு. கட்டடக் கம்பெனியின் யார்டுக்கு நான்தான் இன்சார்ஜ். பொக்லைன், மிக்சர், ரோலர், எது படுத்தாலும் எந்த ஒர்க்‌ஷாப்பைக் கூப்பிடுவது என்று நான்தான் முடிவு செய்வேன். முதலாளி அதில் தலையிட மாட்டார். வந்ததும் வராததுமாக ஸ்பேனரை எடுக்கிறவனை வாசலோடு அனுப்பிவிடுவேன். முதலில் ஆபரேட்டரிடம் பேச வேண்டும். மெஷின் எங்கே இழுக்கிறது, எப்போது முனகுகிறது என்று கேட்க வேண்டும். எண்ணெய் ஹோஸைக் கழற்றினால் அதன் வாயைத் துணியால் கட்ட வேண்டும். ஒரு துளி மணல் உள்ளே போனால் பம்ப் காலி.

இத்தனையும் பார்த்த பிறகு கடைசியாக ஒன்று வைத்திருந்தேன். ரிப்பேர் முடிந்ததும் பொக்லைன் பக்கெட்டை முழு உயரத்துக்குத் தூக்குவேன். ரிப்பேர் செய்தவன் அதற்கு நேர் கீழே வந்து நிற்க வேண்டும். லீவர் என் கையில். யார்டு ஆட்கள் இதற்குக் குடை டெஸ்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள். குடைக்குக் கீழே நின்றவனுக்கு அடுத்த வேலையும் உண்டு. தயங்கினவன் தன் வேலையையே நம்பாதவன். அவனை நான் எதற்கு நம்ப வேண்டும்? நின்றவர்களில் ஒருவருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கையின் புருஷனை யார்டுக்குள் கூட்டிவந்ததும் நான்தான். அவன் புதிதாக ஒர்க்‌ஷாப் போட்டிருந்தான். முறையாகப் படித்து வாங்கிய சர்டிபிகேட் சுவரில் தொங்கும். கை சுத்தமான வேலைக்காரன். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆபரேட்டரிடம் பேசினான். ஹோஸ் வாயைக் கட்டினான். கழற்றின பழைய ஆயில் சீலை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் கையைத் துடைத்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"வா மாப்பிள்ளை, குடைக்குள்ள நில்லு" என்றேன்.

"என்ன மச்சான், விளையாடுறீங்களா?"

"எல்லாரும் நிப்பாங்க. நீயும் நில்லு."

அவன் நிற்கவில்லை. பெட்டியிலிருந்து எண்ணெய் அழுத்தம் காட்டுகிற ஒரு மீட்டரை எடுத்து மாட்டினான். பக்கெட்டில் மணல் மூட்டையை நிரப்பித் தூக்கச் சொன்னான். எல்லோரையும் தள்ளி நிற்க வைத்து, முள் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கவில்லை.

"இதான் மச்சான் டெஸ்ட்டு. உங்களுது கிளி ஜோசியம்."

யார்டே சிரித்தது. முதலாளியும் சிரித்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. உயரத்தில் இருக்கிற பக்கெட்டுக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது என்று பலகை எழுதி மாட்டினார்கள். எந்த மெஷின் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் என்பதை இனி அவன் சொன்னால் போதும் என்றார் முதலாளி. எனக்குக் கேட் சாவி மிச்சம். வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில் வாட்ச்மேன் என்னிடம், "சார், குடை வேணுமா?" என்று கேட்டான். சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. தங்கைதான் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, அவர் மேல கோபமா? முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறியாமே?"

"கோபம் எதுக்கும்மா? ஒரே ஒரு தடவை நிக்கச் சொல்லு. அத்தோட விட்டுடுறேன்."

"இவ்வளவுதானா? நான் சொல்றேன், கேட்பாரு."

சொன்னாள், அவனும் கேட்டான். அவனை அங்கே நிற்க வைத்தது யார் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் நிற்க வைக்கவில்லை. அவளைக் கேளுங்கள்.

அன்றைக்கு பூம் சிலிண்டருக்குப் புது ஹோஸ் போட்டிருந்தான். பக்கெட்டைத் தூக்கிப் பிடிக்கிற எண்ணெய் அந்த ஹோஸ் வழியாகத்தான் போகும். வேலையை முடித்துக் கை கழுவக் குழாயடிக்குப் போனான். ஸ்பேனர் மெஷின் மேலேயே கிடந்தது. ஹோஸ் நட்டில் பளபளவென்று புதுத் தடம் இருப்பதாகச் சொன்னீர்கள் அல்லவா? அது நான் ஸ்பேனர் போட்ட தடம்தான். கழன்று விழாமல், பிடித்தும் பிடிக்காமலும் நிற்கும்படி விட்டேன். எப்படி விட வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். தகுதியான ரிப்பேர்காரன் தன் வேலையை முடித்த பிறகும் இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பான். ஊருக்கெல்லாம் சர்டிபிகேட் காட்டுகிறவனுக்கு நான் வைத்த பரீட்சை அது. பக்கெட் மேலே போனதுமே நட்டைச் சுற்றி எண்ணெய் கசிய ஆரம்பித்துவிட்டது. வெயிலில் மினுமினுத்தது. தலையைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும். தள்ளிப் போயிருக்கலாம்.

அவன் சிரித்துக்கொண்டே வந்து நின்றான். பலகையைக் காட்டி, "இதை எழுத வெச்சவனே இங்க நிக்கிறேன். உங்க தங்கச்சிகிட்ட மறக்காம சொல்லிடுங்க மச்சான், இல்லேன்னா இன்னிக்கு எனக்குச் சோறு கிடையாது" என்றான்.

"மேல பாரு மாப்பிள்ளை" என்றேன். ஆமாம், சொன்னேன். அதையும் எழுதுங்கள்.

"லீவர்ல நீங்க இருக்கீங்க. நான் எதுக்கு மேல பாக்கணும்?"

ஹோஸ் பிய்த்துக்கொண்டு போன சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கெட் இறங்கியது. நான் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஓடிவந்தவர்களில் ஒருவனும் அன்றைக்குக் குடையைப் பற்றிப் பேசவில்லை.

தங்கை என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். கொஞ்ச நாள் போனால் புரிந்துகொள்வாள். நட்டை நான் தொட்டது உண்மை. ஆனால் அவன் பார்க்காமல் நின்றான். பரீட்சையில் தோற்றவன் அவன். இதே கேள்வியை எத்தனை பேர் வந்து கேட்டாலும் இதே பதில்தான்.

இதற்கு முன் நின்றவர்கள் மட்டும் மேலே பார்த்தார்களா என்கிறீர்கள். இல்லை, ஒருவரும் பார்த்ததில்லை. அப்போதெல்லாம் நட்டைத் தளர்த்தினாயா என்கிறீர்கள். எதற்காகத் தளர்த்த வேண்டும்? அவர்கள் யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லையே.