தொப்பி யார் மேசையில்?

காலை, மலேசியாவில் புக்கிட் பெருந்துங் போகும் கம்பெனி பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“போன வாரம் மஞ்சள் தொப்பிய என் மேசையிலயே விட்டுட்டு ஓடிட்டேன் அக்கா,” என்றாள் இளையவள்.

அவர்கள் ஆபீஸ் ரிப்போர்ட் ஃபைலை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறந்து எழுத முடியுமாம். தொப்பி யார் மேசையிலோ, அவர் முறை.

“அம்மா விழுந்துட்டாங்கன்னதும் ஃபைல மூடக்கூட தோணல. மாட்டிக்கிட்டீங்களா?”

“ஆமாலா. உன் கம்ப்யூட்டர் பூட்டிக்கிச்சு. முழு ரிப்போர்ட்டையும் எல்லாரும் உக்காந்து புதுசா அடிச்சோம்.”

“ஒரு போன் பண்ணியிருந்தா பாஸ்வேர்ட் சொல்லியிருப்பேனே!”

“ஆஸ்பத்திரியில அம்மா பக்கத்துல நிக்கிற பிள்ளைகிட்ட பாஸ்வேர்டா கேப்பாங்க?”

இளையவள் மடியிலிருந்த கேசரி டப்பாவை அக்கா கையில் வைத்தாள்.

“அம்மாவே கிண்டுனாங்க. எல்லாருக்கும்.”