வெள்ளிக்கிழமை நாடா

இந்த இன்ஸ்பெக்டர் காலையில் எதுவும் சாப்பிட்டிருக்கமாட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் மேசைமேல் பிரிக்காமலே கிடந்தது. ஆறிவிடும், சாப்பிட்டுவிட்டுக் கேளுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. தியாகராஜா என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். முதலிலிருந்து சொல்லச் சொன்னார், சொன்னேன்.

ஈப்போவில் ஒரு காவல் நிறுவனத்தின் பதிவு அறையில் வேலை செய்கிறேன். பேராக்கில் பதினான்கு தொழிற்சாலைகளை எங்கள் காவலாளிகள் பார்த்துக்கொள்கிறார்கள். காவலாளி சுற்றி வரும் வழியில் ஆறு பெட்டிகள் சுவரில் இருக்கும். மணிக்கு ஒருமுறை ஆறிலும் சாவியைத் திருப்ப வேண்டும். திருப்பினால் டெலிபோன் கம்பி வழியாக எங்கள் இயந்திரத்துக்குத் தகவல் வரும். நேரமும் பெட்டி எண்ணும் தாளில் அச்சாகும். காகித நாடாவில் துளைகளாகவும் விழும். அந்த நாடாவைக் கிழித்து டெலக்ஸில் மாட்டிக் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது என் வேலை. ஒரு காவலாளியின் பதிவு இரண்டு மணி நேரம் வரவில்லையென்றால் அவர்கள் வேன் அனுப்பிப் பார்ப்பார்கள். மூன்று முறை வேன் போனால் அந்த ஆளுக்கு வேலை போய்விடும்.

என் அண்ணன் ஐயாவு கமுந்திங்கில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் காவலாளி. நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தை முதலாளி துண்டு போட்டு விற்ற பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். அவருக்கு வலிப்பு உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நோய் எதுவும் இல்லையென்று எழுதியது நான்தான். அவருக்கு எழுத வராது. சேர்ந்த வருடமே இரண்டு முறை வேன் போனது. தூங்கிவிட்டேன் என்று சொல்லிச் சமாளித்தார். இரண்டாம் தடவை வேன் போன அன்றைக்கு வீட்டுக்கு வந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ வேன் வந்துச்சுன்னா நான் எங்கலா போறது, தங்கச்சி?"

அந்த வாரத்தில் அவர் ஒருமுறைகூட விழாத நாள் வெள்ளி மட்டும். பிசகில்லாத பதிவு. அந்த நாடாவை நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். நாடாவில் நேரமும் எண்ணும்தான் இருக்கும். தேதியை நான் தட்டுவேன். பதிவு பாதியில் நின்று அவர் விழுந்தது தெரிந்த நாட்களில் வெள்ளிக்கிழமையை அனுப்பினேன். கூடவே தொழிற்சாலை வாசல் கொட்டகைக்குப் போன் செய்வேன். அங்கே இருக்கும் அப்பாவு அண்ணன் ஓடிப்போய் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயைத் துடைத்துவிடுவார். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து குடிக்கத் தே கேட்பாராம், ஆனால் அன்று மேற்கொண்டு சுற்ற முடியாது. பதினோரு மாதம் இப்படிப் போயிற்று. இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

பழனியப்பன் டெலிபோன் கம்பி பழுது பார்க்க வந்தவர். மணி அடித்தால் சுவிட்சைப் போடும் கடிகாரம் ஒன்றை டெலக்ஸோடு இணைக்கச் சொல்லிக்கொடுத்தார். நாடாவை வளையமாக ஒட்டி மாட்டிவிட்டால் போதும், மணிக்கு மணி அந்தந்த நேரத்துப் பகுதி தானே போகும். "இதுக்குப்போய் ஒரு ஆளு நாள் பூரா உக்காந்திருக்கணுமா, மணி?" என்று கேட்டார். நவமணி என்ற பெயரை அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். எனக்கு முப்பத்தாறு வயது. பிறகு அவரை லூமுட்டுக்கு மாற்றினார்கள். போகும்முன் அண்ணனைப் பார்த்து முறையாகப் பெண் கேட்டார். அண்ணன் அவருக்குத் தே வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டு, என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நீ லூமுட்டுக்குப் போயிட்டா என் ரவுண்ட யாரு சுத்துவா? ஒன் மாப்பிள்ளையா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். நான் அவருடைய காக்கிச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தேன். துவைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. காலர் கையோடு வந்துவிட்டது. தண்ணீரில் என் கைகள் யாருடைய கைகளோ போலத் தெரிந்தன. இவை ஓய்வதற்கு ஒரே வழி, நான் இல்லாமல் எல்லாம் நடப்பதுதான் என்று அப்போது தெளிவாகப் புரிந்தது.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தேன். காலையிலேயே தேதியைத் தட்டி, வெள்ளிக்கிழமை நாடாவை மாட்டிக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். பத்து பத்துக்கு நான்காம் பெட்டியிலிருந்து அண்ணனின் உண்மையான பதிவு வந்தது. நான்கிலிருந்து ஐந்துக்குக் கழிவுநீர் ஓடும் வடிகாலை ஒட்டி நடக்க வேண்டும். நான்கு நிமிடம் ஆகும். பத்து பதினான்கு ஆயிற்று. பத்து இருபது ஆயிற்று. இயந்திரம் சும்மா இருந்தது. பதினோரு மணிக்குக் கடிகாரம் சுவிட்சைப் போட்டது, நாடா ஓடியது, கோலாலம்பூரிலிருந்து கிடைத்தது என்று பதில் வந்தது. ஒரு பிசகும் இல்லை.

டெலிபோன் வேலை செய்யவில்லையா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். செய்தது. பத்து நாற்பதுக்கு அதே போனில் லூமுட்டுக்கு டிரங்க் கால் போட்டேன். ஆவணியில் நாள் பார்க்கச் சொல்லுங்கள் என்று பழனியப்பனிடம் சொன்னேன். "அண்ணே ஒத்துக்கிட்டாரா?" என்று கேட்டார். ம் என்றேன். இதை நான் சொன்னபோது இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஐந்து மணிக்கு அண்ணன் சாவியைக் கொடுக்க வரவில்லையே என்று அப்பாவு அண்ணன் தேடிப் போயிருக்கிறார். வடிகாலில் ஒரு சாண் தண்ணீர்தான். முகம் அதில் இருந்தது. பதினோரு மணிக்கு முன்பே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். ஐந்து மணிவரை அவர் நடந்து சாவி திருப்பியதாகப் பதிவு சொன்னது. தலைமை அலுவலகம் முதலில் டாக்டரைத்தான் சந்தேகப்பட்டது. மறுநாள் அங்கே ஒரு குமாஸ்தா கவனித்திருக்கிறார்: பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைவரை ஐந்தாம் பெட்டி மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் தொழிலாளர்கள் பின்பக்கக் கேட்டு வழியாகப் பள்ளிவாசலுக்குப் போவார்கள். அவர்கள் திரும்பும்வரை கேட்டு திறந்தே இருக்கும். அதை ஒட்டியிருக்கும் ஐந்தாம் பெட்டியைக் கேட்டைப் பூட்டிய பிறகுதான் திருப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யார் தொழப் போகிறார்கள்? பதினோரு மாதமும் இந்த ஓட்டை நாடாவில் இருந்தது. எனக்குத் தோன்றவே இல்லை. தவறு என்று கேட்டால், அது என் தவறுதான்.

இன்ஸ்பெக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வெளியே பெஞ்சில் பழனியப்பன் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பது, கதவு மூடும்வரை தெரிந்தது. வேலைப் பளுவில் பதிவு நின்றதை நான் கவனிக்கவில்லை என்றே அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேளும்," என்றார் இன்ஸ்பெக்டர். "நாடா போட்டது குற்றம்தான். அது வேற. ஆனா அண்டைக்குக் கொட்டகைக்குப் போன் எடுக்க நீர் மறந்துபோனீர். மறந்துபோனன் எண்டு எழுதிக் கையெழுத்து வையும். மிச்சத்தை நான் பார்க்கிறன்."

தாளையும் பேனாவையும் என் பக்கம் வைத்தார். அவருக்கும் என் வயதில் ஒரு தங்கை இருக்கலாம்.

நான் மறக்கவில்லை. அப்பாவு அண்ணனின் எண் மனப்பாடம். அன்றைக்கு டயலில் விரலை வைத்து முதல் எண்ணைச் சுற்றி, அது திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்து, ரிசீவரைக் கீழே வைத்தேன். சுற்றி முடித்திருந்தால் அண்ணன் கால் மணி நேரத்தில் எழுந்து தே கேட்டிருப்பார். அடுத்த நாளும் கேட்டிருப்பார்.

பேனாவை மூடி அவர் பக்கமே நகர்த்தினேன்.

"நடக்காதத நடந்ததா எழுதித் தரமாட்டேன், சார்," என்றேன். "ஒம்பது வருஷமா பதிவு வேல பாக்கிறவ நான்."