வேண்டாம் என்று சொன்ன மீன்

சுத்தம் செய்த மீனை எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறப்போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, ஐயா. உப்பும் மஞ்சளும் போதும். அதற்கு மேல் ஏதாவது போட்டால் மீன் பழசு என்று அர்த்தம், அல்லது ஆக்குகிறவளுக்குத் தன் கைமேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் விஷயத்தில் ஆரம்பம் இதுதான்.

என் பெயர் அங்கம்மாள். சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்தவள். எங்கள் ஊரில் படகு கரையேறியதும் மணலிலேயே ஏலம் நடக்கும். வாங்கினவர்கள் மீனைக் கையில் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தால் அடுப்புகள் எரிந்துகொண்டிருக்கும். அவர்கள் கேட்டபடி குழம்போ வறுவலோ ஆக்கிக் கொடுப்பது எங்கள் வீட்டுப் பெண்களின் தொழில். கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்தபோது, மீனை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லாமல் தவிக்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் தறி இருக்கிறது, பட்டில் வாடை ஏறிவிடும் என்பார்கள் சிலர். மாமியார் இருக்கிறார் என்பார்கள் சிலர். மீன் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் ஓலைக் கொட்டகை போட்டு மூன்று அடுப்பு மூட்டினேன். காலை பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு கடல்மீன் வந்து இறங்கும். வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வருவார்கள். என்னைப் பார்த்து அந்தச் சந்தில் இன்னும் நாலு பெண்கள் அடுப்பு வைத்தார்கள்.

என் புருஷன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. அந்த மூன்று அடுப்புதான் எனக்கு எல்லாம். ஞாயிற்றுக்கிழமை கொட்டகையைச் சுற்றி நாற்பது பேர் கையில் மீனோடு நிற்பார்கள். 'அங்கம்மா, என்னுதுக்குக் காரம் கொறச்சி, அங்கம்மா, என்னுதுக்குத் தலையைப் போடாதே' என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

என் அடுப்புக்கு இரண்டு சட்டம் வைத்திருந்தேன். கொண்டு வந்ததை ஆக்குவேன், எங்கே வாங்கினது என்று கேட்க மாட்டேன். யார் சாப்பிட்டார்கள் என்று வெளியே சொல்ல மாட்டேன். இரண்டாவது சட்டம் முக்கியமாக ஒருவருக்காக ஏற்பட்டது.

சின்ன காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை முதலாளி வரதராஜன் ஏழு வருஷமாக என்னிடம் சாப்பிட்டார். நெற்றி நிறைய நாமம். உற்சவக் கமிட்டியில் முதல் நாற்காலி. வெங்காயம்கூட நுழையாத வீடு. மீன் மார்க்கெட்டில் அவர் கால் வைத்ததில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு காரில் மகாபலிபுரம் பக்கம் போவார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. கரையில் மீன் வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, தன் கடைப் புடவைப் பெட்டியில் வைத்து, டிரைவர் மயில்வாகனம் கையில் கொடுத்தனுப்புவார். மூடியில் கல்யாணப் பெண் படம் போட்ட அட்டைப்பெட்டி. அந்தப் பெண்ணுக்கு அடியிலிருந்து நான் எத்தனையோ கொடுவா மீனை எடுத்திருக்கிறேன். அவர் பின்பக்கத் தட்டி வழியாக வந்து உள் அறையில் உட்காருவார். சாப்பிட்டுச் சிறிது நேரம் படுத்து எழுந்து, கண்ணாடியில் நாமத்தைச் சரிபார்த்துவிட்டுப் போவார்.

மீனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரியும் என்று நினைத்தார். புடவையைப் பார்ப்பதுபோலத்தான் மீனையும் பார்ப்பார். வெளிச்சத்தில் திருப்பி, விரலால் தடவி, கையில் எடை தூக்கிப் பார்ப்பார். அவர் தொழிலில் ஒரு பாடம் கற்றிருந்தார், என்னிடம் பல தடவை சொல்லியும் இருக்கிறார். நெசவாளி ஒரு புடவையை ஆகா ஓகோ என்று புகழ்ந்தால் அதில் ஏதோ ஊனம் இருக்கிறது, விட்டுவிட வேண்டும். மடித்து ஓரமாக வைத்துக்கொண்டு, இது சரியாக வரவில்லை, உங்களுக்கு வேண்டாம் என்றால் அதுதான் நல்ல சரக்கு. வேறு கடைக்காரருக்காக ஒளிக்கிறான். அதைத்தான் பிடுங்க வேண்டும்.

இந்தப் பாடத்தை வைத்துப் பெரிய கடை கட்டினார். அதனால் மீனுக்கும் அதையே வைத்துக்கொண்டார். ஒரு தடவை அவர் வெறுங்கையோடு வந்தார். நானே நல்ல வஞ்சிரம் எடுத்து வைத்து, அருமையான மீன் முதலாளி என்றேன். தொடாமல் எழுந்து போய்விட்டார். இன்னொரு தடவை, இந்த நெத்திலி நேற்றையது, வேண்டாம் என்று உள்ளதைச் சொன்னேன். இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, யாருக்காக எடுத்து வைத்திருந்தாய் என்று கேட்டுச் சிரித்தார். மறுநாள் வயிறு கெட்டுக் கடைக்கே வரவில்லை என்று மயில்வாகனம் சொன்னான். பழியை வெயில்மேல் போட்டாராம்.

இந்த வருஷம் மாசி மாதம் கமிட்டி நகராட்சிக்கு ஒரு மனு எழுதியது. கருட சேவைக்குப் பெருமாள் வரும் வழியில் மீன் வாடை அடிக்கிறது, பின்சந்து அடுப்புகளை அகற்ற வேண்டும் என்று. முதல் கையெழுத்து வரதராஜன் முதலாளியுடையது. எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் ஐஸ் விற்கிற ரஷீத் பாய்தான் படித்துச் சொன்னார். இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் முள்ளை எடுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"ஊருக்கு ஒரு மொறை இருக்குதுமா. நீ ஏன் கவலைப்படறே? ஏனாத்தூர்ல என் தோப்புல உனக்கு ஒரு அடுப்பு போட்டுக் குடுக்கிறேன். எனக்கு மட்டும் ஆக்கிக்கினு நிம்மதியா இரு."

"மத்தவங்களுக்கு யாரு மொதலாளி ஆக்குவாங்க?"

"அவங்கவங்க வூட்ல ஆக்கிக்கட்டும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். எனக்கு வந்த கோபம் சத்தம் போடுகிற கோபம் இல்லை, ஐயா. சத்தம் போட்டிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். நாற்பது பேருக்கு ஆக்கின கை ஒரே வாய்க்கு ஆக்கிக்கொண்டு தோப்பில் கிடக்க வேண்டும், அதையும் அவர் தயவென்று நினைக்க வேண்டும்.

பங்குனி மூன்றாம் ஞாயிறு அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மயில்வாகனத்திடம்கூடக் கொடுக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"கரையில மீன்காரங்க இதை ஓரமா ஒதுக்கி வெச்சிக்கினு இருந்தாங்க. இன்னா மீனுன்னு கேட்டா, வேணாம் சாமி, ஆவாது, தொடாதீங்கன்றாங்க. என்கிட்டயேவா?"

பெட்டியைத் திறந்தேன். பேத்தை மீன். எங்கள் கரையில் வலையில் சிக்கினால் காலால் ஒதுக்கித் தள்ளுவோம். தொட்டால் வயிற்றைப் பந்துபோல ஊதிக்கொள்ளும். நடை பழகுகிற குழந்தைக்குக்கூட அதைக் காட்டி, இது விஷம், தொடாதே என்று சொல்லிக்கொடுப்போம். என் சித்தப்பா ஒருவர் பஞ்ச காலத்தில் பசி தாங்காமல் சாப்பிட்டார். முதலில் உதடு மரத்தது, பிறகு கை கால். கடைசியில் மூச்சு நின்றது. அதுவரை நினைவு தப்பவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

இந்த இடத்தைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நான் அவரிடம் சொன்னேன்.

"இது வேணாம் மொதலாளி. தூக்கிப் போட்டுடலாம். உங்களுக்கு வேற ஆக்கித் தர்றேன்."

நீயும் அதே பாட்டைப் பாடுகிறாயா என்று சிரித்துவிட்டு உள் அறையில் போய் உட்கார்ந்தார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. கொண்டு வந்ததை ஆக்குவது என் தொழில்.

நன்றாகவே ஆக்கினேன். மிளகு கொஞ்சம் தூக்கல். வழக்கமான சட்டியை எடுக்காமல், பிறகு தூக்கிப் போடத் தோதாக ஓரம் போன சின்னச் சட்டியை எடுத்தேன். கரண்டியும் தனி. முதலாளி சட்டியில் மிஞ்சுவது எப்போதும் மயில்வாகனத்துக்கு. அன்று அவனுக்குத் தனியாகச் சங்கரா வறுத்துக் கொடுத்தேன். மிச்சத்தைச் சட்டியோடு ஆழமாகப் புதைத்து மேலே கல் வைத்தேன். சந்து நாய்கள் கிளறினால் பாவம்.

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

படுத்து எழுந்தவர், நாக்கு மரத்துவிட்டது, மிளகை இப்படியா அள்ளிப் போடுவாய் என்று கோபித்தார். எழுந்து நடந்தபோது கால் பின்னியது. நானும் மயில்வாகனமும் தூக்கிக் காரில் படுக்கவைத்தோம். தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பேச்சு குழறினாலும் புரிந்தது. வீட்டுக்குப் போ, மீன் என்று வாயைத் திறக்கக் கூடாது, வெயிலில் மயக்கம் என்று சொல்லுங்கள் என்றார். சத்தியம் வாங்கிக்கொண்டார். மயில்வாகனம் அழுதுகொண்டே சத்தியம் செய்தான். நானும் செய்தேன்.

வீட்டில் அப்படியே சொன்னோம். வழியில் மயங்கி விழுந்தார், இந்த அம்மாள் தண்ணீர் கொடுத்துக் கூட வந்தாள் என்றான் மயில்வாகனம். அவர் மனைவி தேவகி அம்மாள் எனக்குக் கைகூப்பினார். டாக்டர் உமாபதி வந்தார். குனிந்து பார்த்தபோது மூக்கைச் சுளித்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். வாடை என்னுடையது என்று முடிவு செய்துகொண்டார்.

என்ன சாப்பிட்டார் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. தெரிந்தால் வாந்தி எடுக்கவைத்து வயிற்றைக் கழுவிப் பார்க்கலாம் என்றார். எங்கள் வீட்டில் என்ன டாக்டர் இருக்கும், காலையில் சமையல்காரி கிருஷ்ணவேணி பிசைந்த தயிர்சாதம்தான் என்றார் தேவகி அம்மாள். டாக்டருக்குத் திருப்தி இல்லை. படுத்திருந்தவரிடமே கேட்டார். முதலாளி தன் மனைவியைப் பார்த்தார். சுற்றி நின்ற கமிட்டிக்காரர்களைப் பார்த்தார். மெல்ல, "தயிர்சாதம்" என்றார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

கொஞ்ச நேரத்தில் வாய் கட்டிக்கொண்டது. அப்போதுதான் அவருக்குப் புத்தி வந்தது என்று நினைக்கிறேன். ஒரு விரல் மட்டும் அசைந்தது. அதை என் பக்கம் நீட்டினார். கண்ணும் என்மேல்தான். சொல்லு, சொல்லு என்று அந்தக் கண் கெஞ்சியது. வாங்கின சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. டாக்டரும் கவனித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"உன்கிட்ட ஏதோ சொல்றாரேம்மா. இன்னா கேக்குறாரு?"

"பெருமாள் தீர்த்தம் கேக்குறாருங்க," என்றேன். "கார்ல வரும்போதே கேட்டாரு."

டாக்டர் வேண்டாம் என்பதற்குள் தேவகி அம்மாள் பூஜை அறையிலிருந்து வெள்ளிக் கிண்ணத்தில் துளசித் தீர்த்தம் கொண்டுவந்து வாயில் ஊற்றினார். விழுங்கத் தொண்டை வேலை செய்யவில்லை. இருமவும் முடியவில்லை. கண் மட்டும் என்மேல் நின்றது. இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்று எல்லாரும் அழுதார்கள்.

தீர்த்தம் கேட்டு வாங்கிக்கொண்டு போன புண்ணியவான் உடம்பை அறுக்கக் கூடாது என்று குடும்பத்தார் ஒரே பிடியாக நின்று, மறுநாள் காலையிலேயே தகனம் செய்தார்கள். அந்த மகானின் கடைசி ஆசை என்று சொல்லி, பதிமூன்றாம் நாளுக்கு முன்பே பின்சந்து அடுப்புகளை இடித்தார்கள். மனு மட்டும் கிடந்திருந்தால் அது ஆபீசில் ஒரு வருஷம் தூங்கியிருக்கும் என்றார் ரஷீத் பாய். முதலாளியை மகானாக்கியது யார் என்று பாய்க்குத் தெரியாது. இடித்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அன்று அழுதேன். முதலாளிக்காக அழுகிறேன் என்று நினைத்து ஒருவர் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்.

நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தது சமையல்காரி கிருஷ்ணவேணிக்காக. தயிர்சாதத்தில் ஏதோ கலந்துவிட்டாள் என்று முதலாளியின் மைத்துனர் எழுதிக்கொடுத்து, நீங்கள் அவளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவள் ஒன்றும் அறியாதவள். விட்டுவிடுங்கள். ஒருத்தி ஆக்கினதற்கு இன்னொருத்தி பேர் வாங்கக் கூடாது. மயில்வாகனத்தையும் தொந்தரவு செய்யாதீர்கள்.

எழுதினதைப் படித்துக் காட்டினீர்கள். 'வேண்டாம் என்று எச்சரித்தேன், அவர் கேட்கவில்லை' என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டு, அப்படியானால் உன்மேல் குற்றம் பாதிதானே அம்மா என்றீர்கள். நல்ல மனது உங்களுக்கு. இத்தனை நாளும் நானும் அந்த வரியை வைத்துக்கொண்டுதான் தூங்கினேன். ஆனால் ஏழு வருஷம் அவருக்கு ஆக்கிப் போட்டவள் நான், ஐயா. அவர் அதைத் தொடக் கூடாது என்று நினைத்திருந்தால், அருமையான மீன் முதலாளி, சாப்பிடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.