கூடையைத் தூக்கிவிட்ட கை

மூணாங்கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டு, தனி ஆளா ரெண்டு படகு வாங்கினவன் நான். ஆளு நிக்கிற நிலைய வெச்சே அவன் மனசைச் சொல்லிடுவேன். அப்படிப்பட்ட நானே பழவேற்காடு பஸ்ஸில் முன்சீட்டுப் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன். மீன் விற்கிற அக்கா. மெட்ராஸில் கம்ப்யூட்டரில் பொம்மைப்படம் செய்கிற தம்பி. அவன் போனில் ஒரு பொம்மைப் புருஷன், பெண்டாட்டியை முறைத்தபடி அவள் தலையில் மீன்கூடையைத் தூக்கி வைக்கிறான்.

"ஆபீஸ்ல மூணு வாட்டி திருப்பி அனுப்பிட்டாங்கக்கா. இதுவும் சரியில்லன்னா வேலையே போயிடும்."

"இன்னாடா தப்பு?"

"இவன் அவள விட்டுட்டுப் போகப்போறான். பேச்சே இல்லாம, பாக்கறவங்களுக்கு அது புரியணுமாம்."

"அதுக்கு ஏண்டா இப்டி மொறைக்கிறான்? கூடை தூக்கிவிடறப்போ யாரு மூஞ்சியப் பாக்குறா?"

"பின்ன?"

"கூடைய வெச்சிட்டு, அவ கழுத்து நிலைக்கிற வரைக்கும் ஒரு கை புடிச்சினு இருப்பான். அதான் புருஷன். ஒங்க மாமா ஒருநாள் வெச்ச ஒடனே கைய எடுத்துட்டாரு. கூடை சாஞ்சிது, நானே புடிச்சேன். அவரு திரும்பிக்கூடப் பாக்கல."

"எப்போக்கா?"

"என்ன விட்டுட்டுப் போறதுக்குப் பத்து நாள் முன்ன."

பஸ் திருப்பாலைவனம் ஊரைத் தாண்டியது. அப்புறம் தம்பிதான் மெதுவாகக் கேட்டான்.

"அத அப்டியே பொம்மைல வெக்கட்டாக்கா?"

"வெய்யி. ஒன் வேலை போயிடக் கூடாது. அந்தப் பொம்பளைக்கு மட்டும் என் ஜாடை வெக்காத."