அரபு எழுத்தில் இருந்த அஞ்சலை

அவைக்கு அணிசேர்க்கும் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இராஜாங்கம் ஐயா அவர்களே! நடவு வேலையை அரைநாள் தள்ளிவைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! நாற்றுமுடியைத் தூக்கிய கைகளால் இந்த நாட்டையே தூக்கி நிறுத்தும் தாய்மார்களே! மன்னார்குடி மண்ணின் மாணவ மணிகளே! கல்லூரியில் வரலாறு நடத்தும் கயல்விழியின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஏட்டுக் கண்காட்சியை வாழ்த்திப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். வாழ்த்த வாய் வரவில்லை, ஐயா. வருத்தம் என்று சொன்னால் அது மரியாதைக்காகச் சொன்னதாகும். எனக்கு வந்திருப்பது எரிச்சல்!

பின்வரிசையில் ஒருவர், “சுருக்கமா சொல்லுங்கம்மா” என்கிறார். சொல்றேங்க. ஆனால், ஒரு பெண் நான்கு ஆண்டுகள் படியேறி இறங்கிய கதையை நாலே வரியில் சொல்லச் சொன்னால் நான் எங்கே போவேன்?

மயிலாடுதுறையில் இர்ஃபானா என்று ஒரு பள்ளி ஆசிரியை. அவருடைய தந்தை பக்கீர் முகம்மது ஜவுளிக்கடை வைத்திருந்தவர். வாரத்தில் ஒருநாள் கடையை அடைத்துவிட்டு, ஊர் ஊராகப் போய்ப் பழைய ஏடுகளைப் படியெடுப்பார். பினாங்கு, கடாரம், இலங்கை என்று ஆசியக் கரைகளின் வரலாற்றையும் சமயங்களையும் பற்றி அழகழகான கட்டுரைகள் எழுதினார். அவர் காலமானபோது மகளுக்கு விட்டுச் சென்றது ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் அவருடைய கட்டுரைகளும், மூன்று பழைய நோட்டுகளும்.

என்ன நோட்டு? ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆள் ஏற்றிச் சென்ற பாய்க்கப்பலில் எழுத்தராக இருந்த அவர்களுடைய முன்னோர் ஒருவர் தம் கையால் எழுதியவை. மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபுத்தமிழ் என்பார்கள். நம் கடற்கரை முஸ்லிம்கள் வீட்டுக்கு வீடு எழுதிய முறை அது.

“வாப்பா கடைசி வரைக்கும் ஒண்ணுதான் சொன்னாங்க, மேடம். இது நம்ம வீட்டுச் சொத்து இல்ல, ஊருக்குப் போய்ச் சேரணும்னு” என்றார் இர்ஃபானா. அந்தச் சொல்லைக் காப்பாற்றப் பெட்டியோடு ஓர் ஆவண அலுவலகத்துக்குப் போனார். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்; பெயர் சொல்ல மாட்டேன்.

தமிழ்ப் பிரிவில் பார்த்தார்கள். “இது அரபியில்ல? அரபிப் பிரிவுக்குப் போங்க.”

போனார். “எழுத்து மட்டுந்தாம்மா அரபி. படிச்சா தமிழால்ல இருக்கு! தமிழ்ப் பிரிவுல குடுங்க.”

திரும்பினார். “முஸ்லிம் எழுதினதுதானே? சமயப் பிரிவுல கேளுங்க.”

சமயப் பிரிவில், “கப்பல், கடல்னு வருதே! வரலாற்றுப் பிரிவும்மா.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்தப் பெண்ணால் சிரிக்க முடிந்ததா? ஒரே கட்டடம், ஒரே மாடி, நான்கு கதவுகள், நான்கு ஆண்டுகள்! எழுத்தைப் பார்த்தார்கள், எழுதியவர் பெயரைப் பார்த்தார்கள், எழுதியிருப்பதை எவராவது பார்த்தார்களா?

மூன்றாம் ஆண்டில், “பரிசீலிக்கணும், வச்சிட்டுப் போங்க” என்றார்கள். நம்பி வைத்துவிட்டுப் போனார். எங்கே வைத்தார்கள் தெரியுமா? நடைக்கூடத்தில், ஒழுகும் குழாய்க்கு அடியில். ஐப்பசி மழை அடித்து ஓய்ந்து, இர்ஃபானா போய்ப் பெட்டியைத் திறந்தபோது, மூன்றாவது நோட்டு களிமண் கட்டியாகக் கிடந்தது. ஒரு தாளைக்கூடப் பிரிக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் அவர் என்னைத் தேடி வந்தார். நான் கோபத்தில் ஆறு பக்கத்துக்கு மனு எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். “மனு வேணாம், மேடம். நாலு வருசமா எழுதித்தானே குடுத்தேன்? இந்தத் தடவை வாசிக்கிறேன்.”

இருவரும் போனோம். தமிழ்ப் பிரிவு அதிகாரி எங்களைப் பார்த்ததுமே, “திரும்பவுமா?” என்றார். இர்ஃபானா உட்காரவில்லை. “சார், எழுத்தைப் பாக்காதீங்க. காதால மட்டும் கேளுங்க” என்று சொல்லிவிட்டு, நனையாமல் தப்பிய நோட்டு ஒன்றைத் திறந்து, வலமிருந்து இடமாக விரல் நகர்த்தி வாசித்தார்:

“குத்தாலத்துக்குக் கிழக்கே, மாரி மகள் அஞ்சலை. வயது பத்தொன்பது. நடவு ஆள். ஒன்பதாம் நாள் காய்ச்சலில் போனாள். இவள் சாமிக்கு என்ன ஓத வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கூட வந்த பெண்களைக் கேட்டேன். மந்திரம் தெரியாது, நடவுப் பாட்டுத்தான் தெரியும் என்றார்கள். அதையே பாடச் சொன்னேன். பாடி முடித்தார்கள். பிறகு சமுத்திரத்தில் இறக்கினோம். அந்தப் பாட்டைக் கீழே எழுதியிருக்கிறேன்.”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இன்னொரு தடவை படிங்கம்மா” என்றார். படித்தார். “நான் குத்தாலத்துக்காரன்தான். இது தமிழ்னு... யாரும் வாசிச்சுக் காட்டலியேம்மா” என்றார்.

“யாரும் கேக்கலியே, சார்” என்றார் இர்ஃபானா.

அவர் படிவத்தை எடுத்தார். நான்கு ஆண்டுகள் காலியாகக் கிடந்த ‘மொழி’ என்ற கட்டத்தில், தமிழ் என்று எழுதினார். எனக்கும் குத்தாலம்தான். என் குடும்பமும் நடவுக் குடும்பம்தான். நான் அழுதேனா என்று கேட்காதீர்கள்.

தாய்மார்களே, தோழர்களே! நம் முன்னோர் பெயர் பட்டாவில் இருந்ததா? கல்வெட்டில் இருந்ததா? உழுதவர் பெயரை உலகம் எழுதவில்லை. நட்டவர் பெயரை நாடு எழுதவில்லை! எழுதினார் ஒரு கப்பல் எழுத்தர். வேறு சமயத்தார், வேறு எழுத்தில், நம் மொழியில், நம் பெயரை எழுதினார்! வயதை எழுதினார், ஊரை எழுதினார், பாட்டை எழுதினார்! அதைத்தான் நாம் ‘எந்தப் பிரிவு, எந்தப் பிரிவு’ என்று கேட்டுக் கேட்டு நனையவிட்டோம்!

இரண்டு நோட்டுகள் பிழைத்தன. படமெடுத்தாகிவிட்டது. அவற்றில், கப்பலேறி வழியிலேயே இறந்த அறுபத்திரண்டு பேரின் பெயர்கள். மூன்றாவதில் எத்தனை பேர்? எந்த ஊர்? என்ன பாட்டு? அவர்கள் ஒருமுறை கடலில் போனார்கள். நம் கட்டடத்துக்குள் இரண்டாம் முறை போனார்கள். இதற்கு எந்த அதிகாரி பதில் சொல்வார்? எந்தப் பேராசிரியர் பதில் சொல்வார்? நானும் இருபது ஆண்டுகளாக இதே மாவட்டத்தில்தான் வரலாறு நடத்துகிறேன். நான் என்ன பதில் சொல்வேன்?

கைதட்டாதீர்கள், ஐயா. தட்டுகிற கையால் வீட்டுப் பரணைத் திறந்து பாருங்கள். புரியாத எழுத்தில் ஒரு தாள் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். வாசிக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், சுருக்கமாகச் சொல்லச் சொல்லிவிட்டு எழுந்து போகாமல் இருந்தவருக்கும் என் நன்றி. அடுத்த அறையில் இர்ஃபானா அமர்ந்திருக்கிறார். வரிசையாகப் போய் உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். அந்த ஊரிலிருந்து கப்பல் ஏறியவர் இருந்தால், அவர் பெயரை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்.

வணக்கம்.