சேர்த்தே போடும்மா

இல்லம்மா, தனித்தனியா வேணாம். சேர்த்தே போடு. நீ பார்த்தது சரிதான், ஒம்போது வருஷமா நானும் எங்க வீட்டுக்காரரும் வரிக் கணக்கைத் தனித்தனியாத்தான் குடுத்திருக்கோம். புருஷன் பொண்டாட்டிதான், ஆனா ஆளுக்கொரு தாளு. இந்த வருஷம் ரெண்டு பேரும் ஒரே தாளுல வரணும். நீங்க இலவசமா வரிக் கணக்கு எழுதிக் குடுக்கறீங்கன்னுதான் காலையிலேர்ந்து இந்த லைப்ரரியில டோக்கனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அவரா? வரலம்மா. கையெழுத்துதானே, அது கடைசியிலதானே வரும், அப்பப் பார்த்துக்கலாம்.

அட தெரியும்மா, தெரியும். அவரோட படிப்புக் கடன். சேர்த்துப் போட்டா என் சம்பளத்தையும் கூட்டி மாசத் தவணையை ஏத்திருவாங்க. தனியாப் போட்டா அவரு வாத்தியார் சம்பளத்தை மட்டும்தான் பார்ப்பாங்க. கொல்லன் தெருவுலயே ஊசி விக்கிறியே நீ! இந்த டொலிடோ ஊருல என்கூட ஸ்கூல் பஸ் ஓட்டுற எந்த டிரைவரை வேணா கேளு, டெலோரிஸ் அக்காதான் இதை எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்கன்னு என்னைத்தான் சொல்வாங்க.

எங்க வீட்டுக்காரர் எம்மெட்டுக்கு முதல்ல கண்ணாடி ஃபேக்டரியிலதான் வேலை. அதை மூடினதும், நாப்பது வயசுல, பசங்களுக்கு சயின்ஸ் சொல்லிக் குடுக்கப் போறேன்னு காலேஜுக்குக் கிளம்பினாரு மனுசன். ஊரே சிரிச்சுச்சு. நான்கூடச் சிரிச்சேன், பொய் சொல்லுவானேன். கடனை வாங்கித்தான் படிச்சாரு. அரசாங்கப் பள்ளியில வேலை பார்த்துக்கிட்டே நூத்தி இருபது தவணை கட்டினா மிச்சத்தைத் தள்ளுபடி பண்ணிருவாங்க, உனக்குத் தெரியாததா. பத்து வருஷம். அந்தத் தவணை கைக்கு அடக்கமா இருக்கணும்னுதான் இந்தத் தனித் தாளு எல்லாம். அதுலயும் சலுகை கொஞ்சம் போச்சு, கட்டின வட்டிக்குக் கழிவுகூடக் கிடையாது. போனாப் போகுதுன்னு விட்டோம்.

சிரிக்காதே, எங்க வீட்டுல அதுக்குப் பேரே பிரிவு நாள். பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமை. சாப்பாட்டு மேஜைக்கு அந்தக் கோடியில அவரு, இந்தக் கோடியில நானு. நடுவுல ரொட்டிப் பெட்டியைத் தூக்கி வெச்சு, இது மதில் சுவரும்பாரு. எட்டிப் பார்த்து, ஏங்க அடுத்த வீட்டம்மா, கொஞ்சம் பேனா இரவல் கிடைக்குமான்னு கேப்பாரு. போன வருஷம் வாங்கினதையே நீங்க இன்னும் திருப்பித் தரலயேம்பேன் நானு. ரெண்டு கவரையும் தபால் பெட்டியில போட்டுட்டு நேரா மூலைக் கடைக்குப் போவோம். அங்க புளூபெர்ரிப் பழப் பலகாரம் வாங்கி வெச்சுக்கிட்டு, அத்தனை பேரு நடுவுல முட்டி போட்டு, அம்மா தாயே, மறுபடியும் என்னைக் கட்டிக்கிறியாம்பாரு. மானம் போகும் எனக்கு. சரி, பாவம், எந்திரிங்கம்பேன். ஒம்போது தடவை கட்டிருக்கேன்மா அந்த ஆளை.

ஒரு வருஷம் பாரு, ஆனைக்கும் அடி சறுக்குமே, நான் கட்டத்தை மாத்திக் குறிச்சிட்டேன். கல்யாணம் ஆனவர், தனித்தனியான்னு குறிக்க வேண்டியதை, மேல இருக்கே முதல் கட்டம், துணையில்லாதவர்னு, அதுல போய்க் குறிச்சு வெச்சிருக்கேன். அவருக்கு என்ன தோணுச்சோ, ஒட்டின கவரைப் பிரிச்சுப் பார்த்தாரு. அடிப்பாவி, உசுரோட இருக்கும்போதே என்னை அழிச்சிட்டியேன்னு விழுந்து விழுந்து சிரிச்சாரு. வேற தாளுல எழுதித்தான் அனுப்பினோம். அந்தத் தப்புத் தாளை ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சுட்டு, வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டுவாரு.

ஆமாம்மா, தவணை ஏறாது. ஏறாதுன்னா ஏறாது. கடன் தீர்ந்துருச்சு, கடுதாசி வந்துருச்சு. இந்தா, நீயே படிச்சுக்கோ.

நூத்தி இருபதா? எங்கே. நூத்திப் பதிமூணு. எனக்குக் கணக்கு மாறாது. ஃபேக்டரியிலேர்ந்து கொண்டாந்த இரும்பு நட்டு நூத்தி இருபதை ஒரு ஜாடியில போட்டு வெச்சிருந்தாரு. தவணை கட்டின அன்னிக்கு ஒண்ணை எடுத்து அடுத்த ஜாடியில போடுவாரு. அந்த ஜாடியில இன்னும் ஏழு கிடக்கு. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலம்மா. அந்த ஏழையும் மாத்திட்டு என்னைக் கப்பல்ல கூட்டிட்டுப் போறேன்னாரு.

எப்படித் தீர்ந்துச்சுன்னா... மேல நாலாவது வரியைப் படி. கடன் வாங்கினவர் பேருக்குப் பக்கத்துல ஒரு தேதி இருக்கு பாரு. அக்டோபர் பதினெட்டு. வகுப்புல பாடம் நடத்திக்கிட்டு இருக்கும்போதே சரிஞ்சுட்டாரு. கையில சாக்பீஸாம், அந்தப் பிள்ளைங்க சொன்னாங்க. நான் அந்நேரம் பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தேன். இறப்புச் சான்றிதழை அனுப்பினேன், இனி கடன் இல்லைன்னு பதில் போட்டுட்டாங்க. மூணே வரி.

பரவால்லம்மா. நீ ஏன் அழறே? துடைச்சுக்கோ, பின்னாடி ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க.

நான் விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். அக்டோபர்ல போனாலும் அந்த வருஷம் முழுக்க நாங்க கல்யாணம் ஆனவங்கதானாம், ஒரே தாளுல போடலாமாம். நிசந்தானே? அப்பப் போடு. எத்தனை டாலர் மிச்சம்னு எனக்குச் சொல்ல வேணாம். ஒம்போது வருஷமா ரொட்டிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் உக்கார வெச்சுட்டேன் அவரை. முதல்ல எம்மெட் ஹாக்கின்ஸ்னு அடி, பக்கத்துலயே என் பேரு. அவரு கையெழுத்துப் போடற எடத்துல என்ன எழுதணுமோ, நீயே சொல்லு, நான் எழுதறேன்.

அடுத்த வருஷமா? அடுத்த வருஷம் எனக்கு அந்த முதல் கட்டம்தான். துணையில்லாதவர். எப்படிக் குறிக்கணும்னு தெரியும்மா, ஃபிரிட்ஜ் கதவுலதான் ஒட்டியிருக்கே.