ஓடத்துறையில் கேட்ட சொல்

இலங்கைக் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்த எங்களைக் கட்டுகஸ்தோட்டை ஓடத்துறையில் சிங்களக் காவல்காரர் ஒவ்வொருவராகச் சோதித்தார். எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் நின்றார்கள்.

“ஆத்தா, ‘லெட’ன்னா என்னா?”

“எனக்கும் தெரியாது. யாரைக் காட்டிச் சொல்றாரு, பொறகு என்ன செய்றாருன்னு பாரு.”

“வாந்தியெடுத்தவரைக் காட்டிச் சொன்னாரு. காய்ச்சல்ல நடுங்குன ஒரு அக்காவையும் சொன்னாரு. ரெண்டு பேரையும் ஓடத்துல ஏத்தாம அந்தத் தனிக் கொட்டகைக்கு அனுப்பிட்டாரு.”

“அப்ப?”

“சீக்குன்னு சொல்றாரு, ஆத்தா.”

தாய் முந்தானையால் வாயைப் பொத்தி இருமலை அடக்கினாள். காவல்காரர் அவளிடம் வந்து, “லெட?” என்று கேட்டார்.

மகள் முந்திக்கொண்டு இல்லையென்று தலையசைத்தாள்.

ஓடம் நடு ஆற்றுக்குப் போன பிறகுதான் தாய் இருமினாள். மகள் அவள் முதுகைத் தடவியபடி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.